சாம்பல் நிற மனிதன்: ‘டைம் மெஷின்’ நாவலில் நீக்கப்பட்ட ஒரு பகுதியும் அதன் பொருளும்

எச். ஜி. வெல்ஸின் ‘டைம் மெஷின்’ நாவல் 1895 மே மாதத்தில் நூலாக வெளிவருமுன் ஏழாண்டுகளில் பல உருவங்கள் எடுத்தது. முதல் உருவம் 1888இல் தென் கென்சிங்டன் மாணவர் இதழில் மூன்று பகுதிகளாக வந்த ‘குரோனிக் ஆர்கனாட்ஸ்’. வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நெபோகிப்ஃபெல் என்ற விசித்திர விஞ்ஞானி செய்யும் வேலைகள் பற்றிய, முடிவுபெறாத கதை அது. இடைப்பட்ட கையெழுத்து வடிவங்கள் தொலைந்துவிட்டன. 1894 மார்ச் முதல் ஜூன் வரை டபிள்யூ. இ. ஹென்லி நடத்திய ‘நேஷனல் அப்சர்வர்’ இதழில் ஆசிரியர் பெயரில்லாத ஏழு கட்டுரைகளாகக் கதை மறுபடி வந்தது. அடுத்து, ஹென்லி பொறுப்பேற்ற ‘நியூ ரிவ்யூ’ இதழில் 1895 ஜனவரி முதல் மே வரை தொடராயிற்று. அதே மே மாதத்தில் நியூயார்க்கில் ஹென்றி ஹோல்ட் பதிப்பும் லண்டனில் ஹைன்மன் பதிப்பும் வந்தன. ஹோல்ட் பதிப்பில் ஆசிரியர் பெயரின் இரண்டாம் முதலெழுத்தே தவறாக அச்சாகி, ‘எச். எஸ். வெல்ஸ்’ என்று நின்றது.

இந்த வரலாற்றுக்கு அடித்தளம் இட்டவர் பெர்னார்ட் பெர்கோன்சி. 1960இல் அவர் எழுதிய கட்டுரைதான் வெளியீட்டு வரிசையைத் தெளிவாக்கியது. ஆனால் நாவலின் அமைப்பு குறித்து இன்றுவரை அதிகம் செல்வாக்குச் செலுத்தும் வாசிப்பு டார்கோ சுவினுடையது. 1970களில் வெளிவந்த ஆய்வுகளில் அவர் ‘டைம் மெஷின்’ நாவலை அறிவியல் புனைகதை முழுமைக்குமான முன்மாதிரியாக நிறுத்தினார். அவர் கருத்தைச் சுருக்கினால் இவ்வளவு: காலப் பயணி எதிர்காலத்துக்குள் போகப் போக, பரிணாமம் ஏறி வந்த படிக்கட்டைத் தலைகீழாக இறங்குகிறான். கி.பி. 802701இல் மனித இனம் எலோய், மோர்லாக் என்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அது சமூகத்தின் வீழ்ச்சி. அதன்பின் கடற்கரையில் மேசையளவு நண்டுகள். அது உயிரினத்தின் வீழ்ச்சி. கடைசியில் 3 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் அணைந்துவரும் சூரியன். அது அண்டத்தின் வீழ்ச்சி. டார்வினும் ஹக்ஸ்லியும் வகுத்த உயிரின வரிசை இங்கே பின்னோக்கி ஓடுகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடக் கீழே, ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிடும்படி அடுக்கப்பட்டிருக்கிறது. வர்க்கப் பகையில் தொடங்கிய கதை வெப்ப இயக்கவியலில் முடிவது தற்செயல் அன்று, திட்டமிட்ட வடிவம்.

இந்த வாசிப்பின் வலிமையை மறுப்பதற்கில்லை. நாவலின் பிற்பகுதி வாசகருக்குள் ஏற்படுத்தும் இறக்க உணர்வுக்குக் காரணம் காட்டிய முதல் விளக்கங்களில் அது ஒன்று. மோர்லாக்குகளைத் தொழிலாளர் வர்க்கத்தின் நேரடி உருவகமாகச் சுருக்கிவிடாமல், வேட்டை உயிரும் இரை உயிரும் இடம் மாறும் உறவாகப் பார்த்ததும் சுவினின் பேறுதான். சிக்கல் ‘வடிவம்’ என்ற சொல்லில் இருக்கிறது. அவர் படிக்கும் ஒழுங்கு ஹைன்மன் பதிப்பின் வழிவந்த பாடத்தில் இருப்பது. எழுத்தாளனின் எண்ணத்திலும் அது தொடக்கம் முதலே இருந்ததா என்பது வேறு கேள்வி. ‘நேஷனல் அப்சர்வர்’ வடிவத்தில் பயணி சென்றடையும் ஆண்டு 12203 மட்டுமே. அடுத்த ஆண்டுக்குள் அது 802701 ஆக நீண்டது. பூமியின் அந்திமத்தைக் காணும் பயணமும் 1895 வடிவத்தில்தான் முழு உருவம் பெறுகிறது. படிக்கட்டு இருந்தால், அதன் கீழ்ப்படிகள் கட்டடம் எழுந்த பிறகு சேர்ந்தவை.

‘நியூ ரிவ்யூ’ இதழின் 1895 மே பகுதியில் இருந்து நூலில் நீங்கிவிட்ட ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்விக்கு முதன்மையான சான்று. பிற்காலத்தில் அது ‘சாம்பல் மனிதன்’ என்ற தலைப்பிலும் வேறு தலைப்பிலும் தனியாக அச்சேறியது. மோர்லாக்குகளிடமிருந்து தப்பிய பயணி நண்டுகளின் கடற்கரையை அடையுமுன் வேறொரு காலத்தில் இறங்குகிறான். குளிர்ந்த, வெறிச்சோடிய புல்வெளி. அங்கே முயலையோ சிறிய கங்காருவையோ ஒத்த சாம்பல் நிறப் பிராணிகள் தத்தித் தத்தி மேய்கின்றன. ஒன்றைக் கல்லால் அடித்து வீழ்த்திப் பார்க்கிறான். முன்னங்கால்களிலும் பின்னங்கால்களிலும் வலுவற்ற ஐந்தைந்து விரல்கள், உருண்ட தலை, புடைத்த நெற்றி, முன்னோக்கிய கண்கள். இது மனிதனின் வழித்தோன்றலாக இருக்கலாம் என்ற ஐயம் அவனைக் குலுக்குகிறது. அந்த ஐயம் தெளியுமுன் ஏறக்குறைய 30 அடி நீளமுள்ள பூரான் போன்ற உயிர் ஒன்று நெருங்குகிறது. அவன் ஒரு நாள் முன்னால் தாவித் தப்புகிறான். திரும்பிப் பார்க்கும்போது அடிபட்ட பிராணியைக் காணவில்லை.

சுவின் தரப்பில் ஒரு மறுமொழி சொல்ல இடமுண்டு: இதையும் ஒரு படியாக வைத்துக்கொள்ளலாமே, மனிதனுக்கும் நண்டுக்கும் நடுவே ஒரு பாலூட்டி, அதற்குக் கீழே ஒரு பூரான். ஆனால் இந்தக் காட்சியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. ஒரே புல்வெளியில், ஒரே நாளில் வாழ்கின்றன. ஒன்று இரை, மற்றது வேட்டையாடி. மேலும் அந்தப் பாலூட்டி மனிதனுக்குக் கீழே உள்ள வேறொரு வகுப்பு அன்று, மனிதனே அதுதான். மேய்வதற்கும் ஓடுவதற்கும் உடல் மாறிப்போன மனிதன் வரிசையில் இறங்கவில்லை, பக்கவாட்டில் கிளைத்திருக்கிறான். படிக்கட்டின் தர்க்கம் இங்கே உடைகிறது.

இது வெல்ஸின் கருத்தே அல்ல, ஹென்லியின் இடைச்செருகல் என்பது வழக்கமான விளக்கம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. தொடரை நீட்டவும், மனிதனின் இறுதிச் சீரழிவைக் காட்டவும் ஹென்லி கேட்டுக்கொண்டார். கதைக்குள் கொஞ்சம் ‘எழுத்தழகு’ சேர்க்க விரும்பிய ஹென்லியோடு சிறு போராட்டம் நடந்தது, அவர் புகுத்தியவை பிறகு வெட்டப்பட்டன என்று வெல்ஸும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஹோல்ட் பதிப்பின் சாட்சியமும் இதே பக்கம்தான் சாய்கிறது. அப்பதிப்பு முந்தைய ஒரு கையெழுத்துப்படியிலிருந்து அச்சானது எனக் கருதப்படுகிறது. தொடக்கமே வேறு மாதிரி, இயல் பிரிப்பும் வேறு. அதிலும் சாம்பல் பிராணிகள் இல்லை. எனவே இந்நிகழ்ச்சி பிந்திச் சேர்ந்தது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஹோல்ட் படியின் காலத்தைத் திட்டமாக வரையறுக்க முடியாதவரை, எவ்வளவு பிந்தி என்பது திறந்த கேள்வி.

ஆனால் இடைச்செருகல் என்ற சொல்லைப் பழந்தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஆளும் பொருளில் இங்கே ஆள முடியாது. அது பிறர் கையால் நுழைந்த அடியைக் குறிக்கும். இங்கே கேட்டவர் ஹென்லி; எழுதியவர் வெல்ஸ். ‘சீரழிவு’ என்பதுதான் கோரிக்கை. அந்தச் சீரழிவுக்கு மேயும் மனிதன் என்ற உருவத்தைக் கண்டெடுத்தது வெல்ஸின் உயிரியல். 1884–85இல் ஹக்ஸ்லியிடம் விலங்கியல் படித்த வெல்ஸ், 1891 செப்டம்பரில் ‘ஜென்டில்மென்ஸ் மேகசின்’ இதழில் விலங்குகளின் பின்னடைவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரே லாங்கெஸ்டர் 1880இல் எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சி அது. அசிடியன் என்ற கடலுயிர் குஞ்சுப் பருவத்தில் முதுகுநாணோடு நீந்துகிறது. வளர்ந்ததும் பாறையில் ஒட்டிக்கொண்டு முதுகெலும்பிகளின் சாயலை இழக்கிறது. இதைக் காட்டிய வெல்ஸ், பின்னடைவை நேர்கோடாகக் காணவில்லை. ஏற்றமும் இறக்கமும் பின்னிக் கிடக்கின்றன, பின்னடைவே சிலபோது புதிய ஏற்றத்துக்கு முன்னோடியாகிறது என்பதே அவர் வாதம். நான்காண்டுக்கு முன் இப்படி எழுதியவர் தலைகீழ் ஏணி ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து நாவலைக் கட்டினார் என்பது நம்பக் கடினம்.

இன்னொரு சான்று மிக மெல்லியது, ஆயினும் ஒதுக்கத்தக்கதன்று. நாவலின் இறுதிக் காட்சியில், கிரகண இருளில், கடலோர மணல்திட்டின் மேல் பந்தளவு உருண்டையான ஒரு கரிய உயிர் அசைகிறது. அதன் உறுப்புகள் கீழே தொங்குகின்றன; விட்டு விட்டுத் தத்திக்கொண்டிருக்கிறது. பூமியில் பயணி காணும் கடைசி அசைவு அது. ஆங்கில மூலத்தில் அந்த அசைவுக்கு வெல்ஸ் தேர்ந்த வினைச்சொல், சாம்பல் மனிதர்கள் புல்வெளியில் நடமாடுவதைச் சொல்ல அவர் ஆண்ட அதே சொல். ‘நியூ ரிவ்யூ’ மே இதழைத் தொடர்ந்து படிப்பவர் சில பக்க இடைவெளியில் இதை இருமுறை சந்திக்கிறார். கடைசி உயிரும் மனிதனின் மிச்சமோ என்ற கேள்வி அங்கே எழாமல் போகாது. நூலில் முதல் சந்திப்பு நீங்கியதும் இரண்டாவது தனிச்சொல்லாக நிற்கிறது. ஒரே வினைச்சொல்லை வைத்து நோக்கத்தை நிறுவ முடியாது. வெல்ஸ் அதை எண்ணிப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். ஆனாலும் நீக்கத்தின் விளைவு தெளிவு. எலோய்களும் மோர்லாக்குகளும் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு நூலில் விடையில்லை. அவர்களுக்கும் நண்டுகளுக்கும் நடுவே நெடுங்காலம் மௌனமாகக் கிடக்கிறது. அந்த மௌனத்தை நிரப்ப வாசகர் மனம் தானாகக் கட்டிக்கொள்வதே சுவின் கண்ட படிக்கட்டு.

சூரியனின் மரணம் இந்த வாதத்துக்குள் அடங்காது. 1862இல் கெல்வின் சூரியனின் வெப்பத்துக்கு வரம்பு கட்டினார். ஜார்ஜ் டார்வின் ஓத உராய்வைக் கணக்கிட்டார். அவருடைய கருதுகோளை நாவலே சுட்டுகிறது. அணைவது இயற்பியலின் முடிவு. அதில் கிளைகள் இல்லை. அந்த ஒற்றைத் திசையை உயிரினங்களுக்கும் நீட்டியதுதான் சுவினின் பிழை எனலாம்.

நீக்கம் நிலைத்துவிட்டது. 1924ஆம் ஆண்டின் அட்லாண்டிக் பதிப்புக்காக வெல்ஸ் பாடத்தைத் திருத்தியபோது ஹைன்மன் பதிப்பின் பதினாறு இயல்கள் பன்னிரண்டாயின, இயல் தலைப்புகள் எடுக்கப்பட்டன; சாம்பல் பிராணிகள் திரும்பவில்லை. பெரும்பாலான மறுபதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் நூல்வடிவப் பாடத்தையே பின்பற்றுவதால், கதைக்குள் அவற்றை அவற்றின் இடத்தில் காண விரும்புவோர் ‘நியூ ரிவ்யூ’ தொடரைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.