ரமணாசிரமத்து விலங்குகளும் ஒளிப்படங்களும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ரமண மகரிஷியோடு (1879–1950) பல விலங்குகளும் பறவைகளும் வாழ்ந்தன. பசு லட்சுமி உள்ளிட்ட சில விலங்குகள் அக்காலத்து ஒளிப்படங்களில் பதிவாகியுள்ளன. ஆசிரமத்தின் படத்தொகுப்பில் கணிசமான பகுதி, ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்ளாத அன்பர்கள் ஆர்வத்தால் எடுத்தது. இந்தியாவில் விலங்கின் படம் என்றால் பெரும்பாலும் வேட்டைப் படமாகவே இருந்த காலம் அது. பெயருள்ள, உயிரோடு நிற்கும் ஒரு விலங்கை மனிதருக்கு இணையாகக் காட்டுவதால் இப்படங்கள் தமிழக ஒளிப்பட வரலாற்றில் கவனத்திற்குரியவை.

பின்னணி: வேட்டைப் படங்கள்

சென்னையில் ஒளிப்பட ஆர்வலர் சங்கம் 1850-களிலேயே தோன்றிவிட்டது. ஆனால் அன்றைய கருவிகளால் விலங்குகளைப் படமெடுப்பது கடினம். கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல நொடிகள் ஆகும். அதுவரை விலங்கு அசையாமல் நிற்க வேண்டும். அசையாத விலங்கு என்றால் அது உறங்கும் விலங்கு, அல்லது இறந்த விலங்கு. இந்தியாவின் தொடக்ககால விலங்குப் படங்களில் சுட்டு வீழ்த்தப்பட்ட புலிகள் மிகுந்திருப்பதற்கு வேட்டைப் பெருமையோடு இந்தத் தொழில்நுட்பத் தடையும் ஒரு காரணம்.

இவ்வகையில் புகழ்பெற்ற படம், ஐதராபாத் நிஜாமின் ஒளிப்படக் கலைஞர் லாலா தீன் தயாள் 1902-ல் எடுத்தது. வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர் மனைவியும் இறந்த புலியோடு அதில் காணப்படுகின்றனர். மனிதர்களின் பெயர் படத்தோடு நிலைத்தது. புலி எண்ணிக்கையில் ஒன்றாக மட்டும் நின்றது.

இந்தப் போக்கிலிருந்து விலகியவர்களில் முக்கியமானவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். வட இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த அவர், விலங்கு நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் கேமராவும் விளக்கும் இயங்கும்படி அமைத்தார். இம்முறையில் எடுத்த புலிப் படங்கள் 1927-ல் நூலாக வெளிவந்தன. துப்பாக்கியின் இடத்தைக் கேமரா எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அந்நூல் காட்டியது.

மலையில் விலங்குகள்

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்தார். விரூபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். மலையின் குரங்குகளும் நாய்களும் அப்போதே அவரோடு பழகின. நொண்டி என்ற குரங்கு இன்னொரு குரங்கால் கடிபட்டுக் கிடந்தபோது அவர் அதைப் பேணினார். மனிதர் கைபட்ட குரங்கைக் கூட்டம் மீண்டும் சேர்த்துக்கொள்ளாது என்பது பொதுக் கருத்து. நொண்டியோ கூட்டத்திற்குத் திரும்பி, அதன் தலைமைக்கும் உயர்ந்தது என்று ரமணரின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கமலா என்ற நாய், புதிதாக வரும் அன்பர்களை மலையில் அழைத்துச் சென்று காட்டி வந்தது. மலைக்காலத்தின் இச்செய்திகள் பெரும்பாலும் நினைவுக் குறிப்புகள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன.

1922 மே மாதத்தில் ரமணரின் தாயார் அழகம்மாள் மறைந்தார். அவரது சமாதியருகே, மலையடிவாரத்தில் அவ்வாண்டின் இறுதியில் ரமணர் தங்கத் தொடங்கினார். அங்கு இன்றைய ஆசிரமம் உருவானது. அவர் அமர்ந்திருந்த கூடத்திற்குள் அணில்கள் அச்சமின்றி வந்து அவர் கையிலிருந்தே பருப்புகளைத் தின்றன.

அவன், அவள்

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கிறது. மனிதர் உயர்திணை, விலங்கும் உயிரற்ற பொருளும் அஃறிணை. தொல்காப்பிய காலம் முதல் வழங்கும் இந்தப் பகுப்பின்படி பசுவும் நாயும் கல்லும் 'அது' என்றே சுட்டப்படும்.

ரமணர் பேச்சில் இந்த எல்லையைக் கடைப்பிடிக்கவில்லை. விலங்குகளை 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிட்டார். நாய்களைப் 'பசங்க' என்றார். ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலில் உணவிட்ட பிறகே பிறருக்குப் பரிமாறும் வழக்கம் இருந்தது. ஆர்தர் ஆஸ்போர்ன் 1954-ல் வெளியிட்ட ரமணர் வாழ்க்கை வரலாற்றில் விலங்குகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இந்த வழக்கங்களை அதில் அவர் பதிவு செய்துள்ளார்.

ஆசிரம விலங்குகளின் படங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பேச்சு வழக்கு உதவுகிறது. வேட்டைப் படம் விலங்கை அஃறிணையாகக் காட்டுகிறது: பெயரற்ற, உயிரற்ற, ஒருவருக்கு உடைமையான பொருள். ஆசிரமப் படத்தில் இருக்கும் விலங்குக்குப் பெயர் உண்டு. வந்த நாள், பழக்கங்கள், மறைந்த நாள் எல்லாம் உண்டு. பேச்சில் நிகழ்ந்த திணை மாற்றம் படத்திலும் நிகழ்ந்திருக்கிறது.

மருத்துவரின் கேமரா

ரமணரின் படங்களில் மிகப் பரவலானது, பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் 1940-களில் எடுத்த மார்பளவுப் படம். தொழில்முறைக் கலைஞரின் படமான அது முகத்தை மட்டுமே காட்டுகிறது. ரமணரின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர், சென்னை மருத்துவரான டி. என். கிருஷ்ணசாமி. ஒளிப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆண்டுக்கணக்கில் ஆசிரமத்திற்கு வந்து போன அவர், ரமணர் மலையில் நடப்பதையும் அமர்ந்திருப்பதையும் அன்பர்களோடு இருப்பதையும் தொடர்ந்து படமெடுத்தார்.

சுருள் படலமும் கைக்கேமராவும் வந்தபின்னரே இது இயல்வதாயிற்று. 1888-ல் வந்த கோடாக் கேமரா, ஒளிப்படத்தைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுசென்றது. 1925-ல் சந்தைக்கு வந்த லைக்கா, கழுத்தில் தொங்கவிட்டுச் செல்லும் அளவுக்குச் சிறிதாக இருந்தது. தொழில்முறைக் கலைஞர் ஒரு நாள் வந்து, தேவையான படத்தை எடுத்துக்கொண்டு திரும்புவார். ஆர்வலர் மீண்டும் மீண்டும் வருவார். விலங்குகள் அவருக்குப் பழகிவிடும். விலங்கைப் படமெடுப்பதில் இந்தப் பழக்கம் கருவியைவிட முக்கியமானது.

லட்சுமி

1926-ல் குடியாத்தம் அருகிலுள்ள குமாரமங்கலத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளை, ஒரு பசுவையும் அதன் கன்றையும் ஆசிரமத்திற்கு அளித்தார். பராமரிக்க ஆளில்லை, சிறுத்தை நடமாட்டமும் உண்டு என்பதால் ரமணர் முதலில் தயங்கினார். பின்னர் பசுவும் கன்றும் ஊருக்குள் ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டன. அந்தக் கன்றுதான் லட்சுமி. அவள் நாள்தோறும் தானாகவே ஆசிரமத்திற்கு வந்து மாலையில் திரும்பினாள். பின்னாளில் ஆசிரமத்திலேயே தங்கினாள். அவளுக்காக ஒரு கோசாலை கட்டப்பட்டது.

ரமணர் லட்சுமியின் அருகே நிற்கும் படங்கள் ஆசிரமத்து விலங்குப் படங்களில் மிகவும் அறியப்பட்டவை. அவற்றில் பசு பின்னணியாக இல்லை. படத்தில் இருவர் இருக்கின்றனர். பார்ப்பவரின் கண் இருவர் மேலும் செல்கிறது. ஆசிரம வெளியீடுகளில் அவள் 'ஒரு பசு' அல்ல, 'லட்சுமி'.

1948 ஜூன் 18 அன்று லட்சுமி மறைந்தாள். கடைசி நேரத்தில் ரமணர் அவள் அருகே அமர்ந்திருந்தார். அவள் முக்தி அடைந்தாள் என்ற பொருளில் நாள், நட்சத்திரம் குறித்துத் தமிழில் ஒரு செய்யுள் எழுதினார். அது அவளது சமாதியில் பொறிக்கப்பட்டது.

வெள்ளை மயில்

1947-ல் பரோடா ராணியிடமிருந்து ஒரு வெள்ளை மயில் ஆசிரமத்திற்கு வந்தது. 1945 முதல் ஆசிரம நிகழ்வுகளைத் தெலுங்கில் கடிதங்களாக எழுதி வந்த சூரி நாகம்மா, இந்த மயிலைப் பற்றியும் எழுதியுள்ளார். முந்தைய ஆண்டு மறைந்த ஆசிரமத் தொண்டர் மாதவன் மயிலாகத் திரும்பி வந்திருக்கிறார் என்ற பேச்சும் எழுந்தது.

வெள்ளை மயில் ஒளிப்படக்காரருக்குச் சோதனை. வெயிலில் அதன் இறகுகள் அதிக ஒளியைத் திருப்புவதால், சுற்றுப்புறத்துக்கு ஏற்ப ஒளியை அளந்தால் பறவை நுணுக்கங்கள் இழந்து வெறும் வெண்மையாகிவிடும். காலை, மாலை ஒளியிலோ மேகமூட்டத்திலோ எடுத்தால்தான் இறகின் வரிகள் தெரியும்.

1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தார். அன்று மாலை வெள்ளை மயில் கூரைமேல் இருந்து விடாமல் அகவியதாக நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அப்போது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் ஆசிரமத்தின் அந்த நாட்களைப் படமெடுத்தார்.

பிற்காலம்

அதே 1950-ல், தமிழக இயற்கையியலாளரும் ஒளிப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடங்கினார். தாம் மறையும் வரை அதை எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பிய அவர், யானை முதல் வீட்டுத் தோட்டத்துப் பறவை வரை அனைத்தையும் ஒரே அக்கறையோடு பார்த்தார். 1963-ல் மயில் தேசியப் பறவையானது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலுக்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்தது. கேமரா, காட்டுயிரை நெருங்குவதற்கான முறையான வழியாயிற்று.

கைபேசி வந்தபின் வளர்ப்பு விலங்கைப் படமெடுப்பது வீடுதோறும் நிகழ்கிறது. பூனை, நாயோடு மீன் தொட்டியும் இதில் சேர்ந்துள்ளது. சென்னை கொளத்தூர் சந்தையில் வாங்கிய ஃபைட்டர் மீனைப் படமெடுப்பவர் எதிர்கொள்ளும் தடைகள் பழையவையே: நில்லாத உயிர், போதாத ஒளி. கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாமல் இருக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, விளக்கைத் தொட்டிக்கு மேலே அமைத்து, மீன் தானாக முன்னே வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மீனுக்கும் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அதை 'அவன்' என்றே சொல்கிறார்கள்.

ரமணாசிரமத்தில் லட்சுமியின் சமாதியருகே ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஒரு நாய்க்கும் சமாதிகள் உள்ளன. மயில்கள் இன்றும் வளாகத்தில் உலவுகின்றன. வரும் அன்பர்கள் அவற்றைப் படமெடுத்துச் செல்கிறார்கள்.