ராட்டை போன கொடி, தாமரை போன தூண்: இந்திய தேசியச் சின்னங்களில் விடுபட்டவை

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை முன்மொழிந்த ஜவாஹர்லால் நேரு, உறுப்பினர்களுக்கு இரண்டு கொடிகளைக் காட்டினார். ஒன்று பட்டு, மற்றொன்று பருத்திக் கதர். நிறங்களைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் அன்று பலர் உணர்ச்சியோடு பேசினார்கள். கொடியின் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் அவற்றையே பற்றிக்கொண்டார்கள். துணியை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கொடியின் பொருள் நிறத்தைவிடத் துணியில்தான் உறுதியாகத் தங்கியிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழிப்பு என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வாய்பாடு கொடியோடு பிறந்ததன்று. 1921இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பிங்கலி வெங்கையா காந்தியிடம் அளித்த வரைவில் சிவப்பும் பச்சையும் இருந்தன. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்றச் சமயத்தாருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. ராட்டையைப் பொறிக்கும் யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது என்பதையும் காந்தியே எழுதியிருக்கிறார். சமயத்துக்கு ஒரு நிறம் என்ற இந்தக் கணக்கு நெடுநாள் தாங்கவில்லை. தங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று சீக்கியர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1931இல் காங்கிரஸ் அமைத்த எழுவர் குழு, முழுக் காவித் துணியில் ராட்டை மட்டும் இருந்தால் போதும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையை வகுத்து, நிறங்கள் எந்தச் சமயத்தையும் குறிப்பவை அல்ல, பண்புகளையே குறிக்கின்றன என்று அறிவித்தது. 1947இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அவையில் எழுந்து, காவி பற்றின்மை, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்று வேறோர் உரை சொன்னார்.

26 ஆண்டுகளில் மூன்று உரைகள். இவ்வளவும் மாறியபோது, மாறாமல் நடுவில் நின்றது ராட்டை.

அந்த ராட்டைக்கு மக்களிடம் இருந்த மதிப்பை அறியத் திருப்பூர் போதும். 1932 ஜனவரியில் தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தில் தடியடிபட்டு, கையில் பிடித்த கொடியை விடாமல் விழுந்து, ஜனவரி 11 அன்று உயிர்விட்ட குமரன், சென்னிமலையில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ‘கொடி காத்த குமரன்’ என்று தமிழ்நாடு கொண்டாடும் அந்த இளைஞர் காத்தது சக்கரக் கொடியை அன்று. நூல் நூற்கும் ராட்டை பொறித்த கொடியை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பதினைந்து ஆண்டுகளில் ராட்டை போயிற்று. நேரு சொன்ன காரணம் நடைமுறை சார்ந்தது. ராட்டையின் ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் கதிரும் இருப்பதால், கொடியின் பின்புறத்தில் படம் திரும்பித் தெரியும். இருபுறமும் ஒன்றாகத் தெரிவதே கொடி மரபு. காந்திக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு அவர் வருந்தினார். தீர்மானத்தின் வாசகத்தைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். கருநீலச் சக்கரம் ராட்டையைக் குறிப்பது என்றும், அதன் வடிவம் சாரநாத்து அசோகத் தூணின் பீடத்தில் உள்ள சக்கரத்தினுடையது என்றும் அது கூறுகிறது. பொருள் ராட்டையிடமிருந்து, உருவம் அசோகரிடமிருந்து. முதற்பாதியை இன்று பலரும் மறந்துவிட்டோம்.

சாரநாத்துத் தூணுக்கும் இதே கதைதான். 1904-05இல் எஃப். ஓ. ஓர்டெல் நடத்திய அகழ்வில் வெளிப்பட்ட அந்தத் தலைப்பகுதி, சுனார் மணற்கல்லில் செதுக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றியது. உயரம் சுமார் 7 அடி. கீழே கவிழ்ந்த தாமரை. அதன்மேல் வட்டப் பீடம். பீடத்தைச் சுற்றி யானை, காளை, குதிரை, சிங்கம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க, இடையிடையே 24 ஆரக்கால் கொண்ட சக்கரங்கள். பீடத்தின்மேல் முதுகோடு முதுகு ஒட்டி நான்கு சிங்கங்கள். அவற்றின் தலைக்கு மேலே பெரிய அறச்சக்கரம் ஒன்று இருந்தது. அதன் உடைந்த துண்டுகளே கிடைத்தன. 1950 ஜனவரி 26 அன்று அரசுச் சின்னமாக ஏற்கப்பட்ட வடிவில் தாமரை இல்லை. நான்காவது சிங்கம் பின்னால் மறைந்துவிட்டது. பீடத்தில் காளையும் குதிரையும் தெரிகின்றன. யானையும் சிங்கமும் கண்ணுக்குப் படவில்லை. அடியில் முண்டக உபநிடதத்தின் ‘சத்யமேவ ஜயதே’ சேர்ந்தது. புத்தரின் முதல் உபதேசம் நிகழ்ந்த இடத்தில் சிங்கங்கள் தாங்கி நின்றது அறத்தை. மேலிருந்த சக்கரம் இல்லாமல் பார்க்கும் கண்ணுக்கு அவை அதிகாரத்தின் சிங்கங்களாகவே தெரிகின்றன. இந்த இழப்பு சிறியதன்று.

தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் அதே சிங்கத் தூண் கோபுரத்தின்முன் நிற்கிறது. வாசகம் ‘வாய்மையே வெல்லும்’. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த சொல் வாய்மை. எவருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது அவர் கொண்ட பொருள். மொழிபெயர்ப்பில் வாசகம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

கொடிக்குத் திரும்புவோம். படத்திலிருந்து போன ராட்டை துணியில் தங்கியது. கையால் நூற்று, கையால் நெய்த கதரில்தான் கொடி இருக்க வேண்டும் என்பது 2021 வரை விதியாக இருந்தது. இந்தியத் தர நிர்ணயங்களில் 1 என்ற எண்ணைப் பெற்றதே தேசியக் கொடிக்கான தரம்தான். ஹூப்ளி பெங்கேரியில் உள்ள கதர் சங்கம் அந்தத் தரத்தில் கொடி தைப்பதற்கென்றே பெயர்பெற்றது. ராட்டையை வரையாமலேயே ஒவ்வொரு கொடியும் ராட்டையிலிருந்து பிறந்தது. காந்தி இழந்ததாக நினைத்ததைச் சட்டம் இழையில் காப்பாற்றி வைத்திருந்தது.

2021 டிசம்பர் 30 அன்று கொடி விதித் தொகுப்பு திருத்தப்பட்டது. இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் அனுமதி கிடைத்தது. விலை குறைந்தால்தான் வீட்டுக்கு வீடு கொடி பறக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். வீட்டில் கொடியேற்றும் உரிமையை 2004இலேயே நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது; அது முறையான விரிவாக்கம். துணியைத் தளர்த்தியது வேறு வகை. கதர்க் கொடிக்கு இன்றும் தடை இல்லை என்றாலும், எல்லாக் கொடிக்கும் பொதுவாக இருந்த ஒரே பொருளை இந்தத் திருத்தம் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 1947இல் படத்தை விட்டுப் போன ராட்டை இப்போது துணியையும் விட்டுப் போகலாம் என்றாகிவிட்டது. இது தவறான முடிவு என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு.

வரும் ஆகஸ்டில் கொடி வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு நிமிடம் நின்று துணியைத் தொட்டுப் பாருங்கள். கதர் இருக்கிறதா என்று கேளுங்கள்.