பால்வெட்டு உளியும் தீட்டுக்கல்லும்: சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தின் ஒரு கைத்திறன்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ஆயர் ஹீத்தாமிலிருந்து கூலாய்க்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்த சிம்பாங் ரெங்கமும் அதன் சுற்றுப்புறமும், 1909இல் ஜொகூர் இரயில் பாதை முழுமையடைந்து ரெங்கம் வழியாகச் சரக்குப் போக்குவரத்து எளிதான காலத்தை ஒட்டி, ரப்பர் விளையும் நிலமாக மாறத் தொடங்கின. இத்தகைய தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் துரைமார்களையும் சந்தை விலையையும் கங்காணி வழி ஆள்சேர்ப்பையும் கொண்டே எழுதப்படுகிறது. ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தருமா, பாதியிலேயே வீணாகுமா என்பதை நாள்தோறும் தீர்மானித்த உளியின் கூர்மைக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, 1890களில் மேற்கொண்ட சோதனைகளின் வழியாக, முன்பு வெட்டிய இடத்திலேயே பட்டையை மெல்லியதாகச் சீவிக் காயத்தைப் புதுப்பிக்கும் முறையை நிலைநாட்டினார். பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலேயே நெருங்கி நிற்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய வளர்படலம் உள்ளது. ஆகவே வெட்டு அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். படலத்தைத் தொட்டால் அங்கே மரம் முண்டும் முடிச்சுமாகி, மறுபட்டை சீராக வளராது. ஒரு முறைக்கு 1.5 மில்லிமீட்டர் சீவினால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்தில் மாதத்திற்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பட்டை செலவாகும். மழுங்கிய உளி அதைவிடத் தடிமனாகப் பிய்த்தெடுப்பதால், பல ஆண்டுகளுக்கென இருக்கும் பட்டை விரைவில் தீர்ந்துபோகும்.

தீட்டும் வேலையின் நுட்பம் உளியின் வடிவத்திலேயே அடங்கியிருந்தது. அதன் வாய் தட்டையான கத்தியைப் போலன்றி, பால் வழியும் கோட்டை வெட்டுவதற்கேற்ப ஆப்பு வடிவில் மடிந்திருப்பதால், தட்டைக் கல் வெளிப்புறத்திற்கு மட்டுமே பயன்பட்டது. இரு பக்கங்களும் கூடும் உள்மூலைக்கு ஓரம் மெலிந்த சிறு கல் தேவைப்பட்டது. முதலில் முரட்டுக் கல்லில் நீர் விட்டுத் தேய்த்து வாயின் சாய்வை ஒழுங்கு செய்து, பின்னர் மென்கல்லில் இழைத்து, தேய்க்கும்போது மறுபுறம் சுருண்டு எழும் இரும்புப் பிசிரை நீக்குவார்கள். பிசிர் தங்கிவிட்டால், கூராகத் தோன்றும் வாயும் சில மரங்களிலேயே மடிந்துவிடும். விடியுமுன் பிரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், நின்றுவிட்டு நானூறு, ஐந்நூறு மரங்கள் கொண்ட நிரைக்குள் நுழையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பெரும் இடர். மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இடையில் நின்று நெடுநேரம் தீட்டிக்கொண்டிருக்க வழியில்லை.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை அரையிருளில் கைக்கணக்காகக் காத்த இவ்வேலையை, 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வேளாண் வேலை அனைத்தோடும் சேர்த்துத் திறன் வேண்டாத தொழில் என்றே வகைப்படுத்தியது. 1938இல் அத்தகைய தொழிலாளருக்கான உதவிவழிக் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தபோதும் அதே வகைப்பாடுதான் நின்றது. தோட்டத் தமிழரின் உழைப்பைப் பற்றிய பிற்கால எழுத்துகளும் அவர்களின் துயரத்தை விரிவாகப் பதிந்த அளவுக்கு இத்தேர்ச்சியைப் பதியாதது பெருங்குறை.

பின்னர் ஜொகூரின் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. குட்டை மரங்களின் குலையை வெட்ட நீண்ட பிடியுள்ள தட்டை உளியும், உயர்ந்த மரங்களுக்குக் கழியில் கட்டிய வளைந்த அரிவாளும் வந்தன. அவற்றின் வாய் அகன்றது என்பதால் அரமும் பெரிய கல்லும் போதுமானவையாயின, மெலிந்த ஓரமுள்ள சிறுகல்லின் தேவை சிறு ரப்பர்த் தோட்டங்களோடு சுருங்கியது.