கண்ணாடிக்கு முந்திய காடு: ஜொகூர் வேட்டைத் துப்பாக்கியும் கழற்றி மாட்டும் ஸ்கோப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலாயாவின் ஜொகூரை ஆண்ட, தெமெங்கோங் என்ற பட்டம் பெற்ற இப்ராகிமும், அவருக்குப் பின் வந்த அபூ பக்காரும், காட்டைத் திருத்திக் காம்பியரும் மிளகும் பயிரிடும் உரிமையை ஆறுகள் வாரியாகப் பிரித்துச் சீனத் தலைவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். அத்தலைவர்களின் பட்டத்தால் ‘காங்சூ’ முறை எனப்பட்ட இந்த ஏற்பாடு 1917இல் நீக்கப்படும் வரை நீடித்தது. தோல் பதனிடப் பயன்பட்ட காம்பியரின் இலையை அண்டாவில் கொதிக்கவைத்துச் சாறு இறக்க ஏராளமான விறகு தேவைப்பட்டதாலும், அப்பயிர் சில ஆண்டுகளிலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டதாலும், தோட்டங்கள் பழைய நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தன. கைவிட்ட நிலத்தில் மண்டிய புதரில் பன்றியும் மானும் பெருகின. அவற்றைத் தேடி வந்த புலி, காட்டோரத்தில் குனிந்து வேலை செய்த கூலிகளையும் தாக்கியது. ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூருக்குள் புகுந்த புலிகளைக் கொல்வோருக்கு அங்கிருந்த காலனிய அரசு சன்மானம் அறிவித்தது. குழி வெட்டிப் புலி பிடிப்பதும் அன்றைய வழக்கமாக இருந்தது.

இத்தகைய காட்டில் வேட்டைத் துப்பாக்கியின் அமைப்பைத் தீர்மானித்தது, எவ்வளவு தொலைவில் சுட முடியும் என்பதைவிட, எவ்வளவு அருகில் சுட வேண்டியிருந்தது என்பதே. 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் பெருவிலங்கு வேட்டையில் பேர்பெற்றவர். 1928இல் ஜொகூர் பாருவில் விலங்குக்காட்சிச் சாலை அமைத்தவரும் அவரே. அவர் காலத்தில், 1909இல் ஜொகூரின் ஊடாக இருப்புப்பாதை முழுமையடைந்து, குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். விடியுமுன் பால்வெட்டப் போன அவர்கள் கையில் வெட்டுக்கத்தியும் வாளியும் இருந்தனவே தவிரத் துப்பாக்கி இல்லை. அது துரைமார்களிடமும் உரிமம் பெற்ற சிலரிடமுமே இருந்தது.

அக்காலத் துப்பாக்கிகளில் குறிபார்க்க இருந்தது இரும்புக் குறி, அதாவது குழலின் முனையில் நிற்கும் சிறு முளையைப் பின்னாலுள்ள பள்ளத்தோடு நேர்க்கோட்டில் கொண்டுவரும் எளிய அமைப்பு. துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேட்டைக்காரர்களிடையே பரவியபோது, அதைத் தாங்கும் மவுண்ட் பெரும்பாலும் கழற்றி மாட்டும் வகையாகவே செய்யப்பட்டது. கண்ணாடி உடையலாம், மழையில் மங்கலாம், உள்ளே ஆவி படியலாம் என்ற அவநம்பிக்கையே அதற்குக் காரணம். ஜெர்மானியக் கொக்கி மவுண்டில், ஸ்கோப்பின் முன்காலிலுள்ள கொக்கிகளை அடித்தட்டின் துளைகளில் நுழைத்துப் பின்காலை அழுத்தியதும், விற்சுருள் தாழ் ஒன்று பூட்டிக்கொள்ளும். அதைக் கைவினைஞர் அரம் கொண்டு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே இழைத்துப் பொருத்தினர். 1923இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கிரிஃபின் அண்ட் ஹோவ் நிறுவனம், துப்பாக்கியின் பக்கவாட்டில் நெம்புகோலால் இறுக்கும் மவுண்டால் புகழ்பெற்றது.

இத்தகைய மவுண்டைத் தேர்வதில் முதலில் கவனிக்கப்படுவது, கழற்றி மாட்டிய பிறகும் குண்டு பழைய இடத்திலேயே படுகிறதா என்பது. ஸ்கோப்பைத் தாங்கும் இரு வளையங்களுக்கிடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்து, ஒரு வளையம் மட்டும் 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகி அமர்ந்தால், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் படும். 30 மீட்டரிலோ அந்த விலகல் 3 சென்டிமீட்டர்தான். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் வேட்டையைத் தப்பவிடும் இந்தப் பிழை, சில பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தென்படாத ஜொகூர் அடர்காட்டில் பொருட்படுத்தத் தக்கதன்று. அங்கே சிக்கல் வேறு: நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண ஸ்கோப்பில் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலம் தெரியும் என்றால், 10 மீட்டர் தொலைவில் தெரிவது ஒரு மீட்டர் வட்டம் மட்டுமே. பாய்ந்து வரும் புலி அவ்வட்டத்தை வெறும் மஞ்சளும் கறுப்புமாக நிறைத்துவிடும். தலை எது, தோள் எது என்று பிரித்தறிய நேரமிராது.

ஆகவே கழற்றும் மவுண்டின் பயனை விளக்கப் பொருத்தமான இடம் பரண் வேட்டையாகும். புலி கொன்று போட்ட மாட்டின் அருகே மரத்தில் பரண் கட்டி அந்தியில் காத்திருப்பவருக்கு, மங்கிய ஒளியிலும் உருவத்தைத் தெளிவாக்கித் தரும் ஸ்கோப் துணை செய்யும். அதே ஆள் காயம்பட்ட புலியைத் தேடித் தரையில் இறங்கினால், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியை நம்புவதே உயிருக்குப் பாதுகாப்பு. அதற்கு, ஸ்கோப் நீங்கியதும் எஞ்சும் அடித்தட்டு இரும்புக் குறியை மறைக்காத அளவு தாழ்வாக இருத்தல் வேண்டும் என்பது பழைய துப்பாக்கிச் செய்நர் விடாமல் கடைப்பிடித்த விதி. ஆண்டு முழுவதும் ஈரம் குறையாமல், ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும் ஜொகூரில், கண்ணாடியில் பூஞ்சணமும் திருகுகளில் துருவும் பிடிப்பது கழற்றி வைக்க மற்றொரு காரணம். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி நைட்ரஜன் வாயுவை அடைத்து, உள்ளே ஆவி படியாத ஸ்கோப்பை அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் 1947இல் வெளியிட்டபோதுதான் வெப்பமண்டலக் காட்டுக்குக் கண்ணாடி ஓரளவு தகுதி பெற்றது.

ஆனால் அதற்கு அடுத்த ஆண்டிலேயே மலாயாவில் துப்பாக்கியின் பொருளே மாறிவிட்டது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் பெருகிய ஆயுதங்களும் கம்யூனிஸ்டு எழுச்சியும் சேர்ந்ததால், 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. தஞ்சை வட்டாரத்தில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சோதனையும் ஊரடங்கும் நிலவிய தோட்டப்புறங்களில் துப்பாக்கி என்ற பேச்சே அச்சம் தருவதாயிற்று. அவசரகாலம் முடிந்த 1960இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமும், 1971இன் கடுந்தண்டனைச் சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டை நிலைப்படுத்தின. பொதுமக்களுக்கு உரிமம் கிடைத்தபோதும், அது பெரும்பாலும் சிறு ஈயக்குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னுக்கே கிடைத்தது. செம்பனைக் கன்றைக் கிளறும் காட்டுப்பன்றியை முப்பது நாற்பது மீட்டருக்குள் வீழ்த்தும் அத்துப்பாக்கிக்கு ஸ்கோப் தேவையில்லை.

மறுபுறம் விலங்கும் சட்டத்தின் காப்புக்குள் வந்தது. 1955இன் வனவிலங்குக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், புலிக்கு முழுப் பாதுகாப்பளித்த 1976ஆம் ஆண்டு மாற்றமும், தண்டனைகளைக் கடுமையாக்கிய 2010இன் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. எண்டாவ்-ரொம்பின் காட்டின் ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. இவ்வாறு, கண்ணாடியை நம்பமுடியாத காலத்தில் ஜொகூரில் வேட்டை தாராளமாக நடந்தது; கண்ணாடி நம்பகமானபோது முதலில் துப்பாக்கிக்கும் பிறகு வேட்டைக்கும் வேலி போடப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றாண்டு காலம் வளர்ந்த கழற்று மவுண்ட், தனக்கு மிகவும் பொருந்திய காடுகளில் ஒன்றான ஜொகூரில் வேரூன்றாமல் போனதற்கு இந்த முன்பின் வரிசையே காரணம்.