அடைப்பத்துக்குள் இரண்டு கல்

காவிரி வண்டலில் எது வேண்டுமானாலும் விளையும். கல் மட்டும் கிடைக்காது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்கூட வெளியூரைத்தான் நம்பியிருந்தோம். அப்படிப்பட்ட சீமையில் இரண்டு கல்லை ஆயுள் முழுக்கப் பொத்திப் பாதுகாத்தவர் ஊர் நாவிதர்.

அடைப்பம் என்ற சொல் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நாவிதர் கக்கத்தில் இடுக்கி வரும் பை அது. எங்கள் ஊர்க்காரரின் அடைப்பத்தில் சவரக்கத்தி, கத்தரி, நகம் எடுக்கும் உளி, தண்ணீர்க் கிண்ணி, தோல்வார் எல்லாம் இருக்கும். துணியில் சுற்றிய சாணைக்கல் ஒன்றும், தீப்பெட்டி அளவில் ஒரு துண்டுக்கல்லும் இருக்கும்.

பெரிய கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, துண்டுக்கல்லால் வட்டமாகத் தேய்ப்பார். சந்தனம் இழைப்பது போலத்தான். கொஞ்ச நேரத்தில் பால் போல ஒரு சேறு கிளம்பும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி படுக்க வைத்து, அந்தச் சேற்றில் முன்னும் பின்னும் இழுப்பார்.

கல் தேய்க்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்போம். உண்மையில் பாதி வேலை அந்தச் சேற்றுடையது. அதில் மிதக்கும் பொடித் துகள்கள் இரும்பை வேகமாகத் தின்னும். மழுங்கிய கத்தி சீக்கிரம் வழிக்கு வரும். ஆனால் அதே துகள்கள் வாயின் நுனியில் மோதி, அதைக் கொஞ்சம் மொண்ணையாக்கவும் செய்யும். ஆகவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சேற்றை நீர்க்கச் செய்துகொண்டே போக வேண்டும். கடைசி இழுப்புகள் வெறும் தண்ணீரில். அப்புறம் தோல்வார். எப்போது நீர்க்க விடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. அதை விரலும் காதும்தான் சொல்லும்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டும் மஞ்சள் சாணைக்கல்லுக்கும் இதே முறைதான். அந்தக் கல்லில் உள்ள மிக நுண்ணிய கார்னெட் மணிகள் சேற்றில் கலந்து வெட்டுகின்றன. ஜப்பானில் துண்டுக்கல்லுக்கு 'நகுரா' என்று பெயரே உண்டு.

நம் நாட்டிலும் இது பழைய சங்கதி. அறுவைக் கருவிகளைத் தீட்ட உளுந்து நிறத்தில் வழவழப்பான கல் வேண்டும், கூர் கெடாமலிருக்க இலவ மரப்பலகை வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. மயிரைப் பிளந்தால்தான் கருவி தயார் என்பது அதன் கணக்கு. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் வைத்து, கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார். அரண்மனை வைத்தியத்துக்கு ஏடு இருக்கிறது. கிராமத்தில் கட்டியைக் கீறிவிட்டவர் நாவிதர், பிரசவம் பார்த்தவர் அவர் வீட்டு அம்மாள். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்று பெயர் இருப்பது சும்மா இல்லை. ஆனால் அவர்கள் கைப்பழக்கத்தை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

எழுதியிருக்கவும் மாட்டோம். சவரம் நடந்தது கொல்லையிலோ மாட்டுக்கொட்டிலிலோ. முடிந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். நம் கழுத்தில் கத்தி வைக்க அவரை நம்பினோம். திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை.

1904-ல் ஜில்லெட் பிளேடுக்குக் காப்புரிமை கிடைத்தது. மெல்ல மெல்ல அது நம் வீட்டுக் கண்ணாடி மாடத்துக்கும் வந்து சேர்ந்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு எச்ஐவி தொற்றைக் கண்டறிந்த பிறகு, சலூனில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற பேச்சு வலுத்தது. அது நியாயமான மாற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒடித்துச் செருகும் பிளேடுக்குச் சாணை எதற்கு? இரண்டு கல்லுக்கும் வேலை போய்விட்டது.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டுப் பெரியவராவது இந்தத் தொழில் செய்திருந்தால், பரணில் தேடிப் பாருங்கள். நடுவில் குழி விழுந்த நீளக் கல் ஒன்று இருக்கலாம். அது எந்த ஊர்க் கல், துண்டுக்கல் எங்கே வாங்கியது, சேறு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். இந்த முறை அவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேளுங்கள்.