மாணாக்கர் எழுதிய கிராமங்கள்

வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் முதலிய துறைகளைப் பயிலும் மாணாக்கனுக்கு வேண்டிய திறமைகள் யாவை என்று கேட்டால், நிரம்பப் படித்தல், குறிப்பெடுத்தல், தெளிவாக எழுதுதல் என்று உடனே விடை கூறிவிடுவோம். இம்மூன்றுக்கும் முற்பட்டது ஒன்று உண்டு. நாள்தோறும் கண்டு பழகியதைக் கேள்வியாக மாற்றும் பயிற்சியே அது. இப்பயிற்சி தமிழ்நாட்டில் வேரூன்றிய கதை 1915-ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். நூல்களில் கற்ற பொருளாதார விதிகளைத் தம் மாணாக்கர் தத்தம் ஊர்களில் உரசிப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே, விரிவான வினாப்பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்து, விடுமுறைக்கு ஊர் செல்வோர் கையில் கொடுத்தனுப்பினார்.

மக்கள்தொகை, நிலவுடைமை, பாசனம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றைப் பற்றி இளைஞர்கள் விசாரித்து எழுதி வந்தனர். அவற்றைத் தொகுத்து ஸ்லேட்டர் 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியிட்டார். அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தின் வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் ஆகியவை அதில் இடம்பெற்றன.

இது எளிய பணியன்று. ஊருக்கு ஊர் அளவை மாறும். தஞ்சையில் இருபது மா ஒரு வேலி. வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. வேறிடத்தில் காணி என்பார்கள். அது ஒன்றேகால் ஏக்கருக்குச் சிறிது கூடுதல். கூலி மரக்காலில் அளக்கப்படும். மரக்காலும் எங்கும் ஒன்றாயிராது. இவற்றையெல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் ஓர் ஊரின் கூலியை மற்றோர் ஊரின் கூலியோடு ஒப்பிட இயலும். மேலும், கர்ணத்தின் கணக்கில் நிலம் ஒருவர் பெயரில் இருக்கும். உழுபவர் வேறொருவராக இருப்பார். ஏட்டில் உள்ளது எது, வயலில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதப் பழகுவதே இத்துறைகளின் அரிச்சுவடி. கடனைப் பற்றிய வினாவோ இன்னும் கடினமானது. அயலார் முன் தம் கடனை உள்ளபடி சொல்வோர் அரியர். பொறுமையும் பணிவும் உடையவனுக்கே அவ்விடை கிட்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில் பூனாவில் வேளாண்மைக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹாரல்டு மான், அந்நகரை அடுத்த பிம்ப்ளே சௌதாகர் என்னும் கிராமத்தை ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். அவர் வயலைப் பார்த்ததோடு நில்லாமல் பழைய ஆவணங்களையும் புரட்டினார். 1771-இல் சராசரி நாற்பது ஏக்கராக இருந்த நிலவுடைமை, 1915-ஐ ஒட்டி ஏழு ஏக்கராகக் குறுகியிருந்தது தெரிய வந்தது. கண்ணால் மட்டும் கண்டவனுக்கு ஏழு ஏக்கர் புலப்படும். அது நாற்பதிலிருந்து தேய்ந்த ஏழு என்பது ஆவணத்தைத் தேடியவனுக்கே புலப்படும். புனேவில் வாழும் தமிழர் பலர் இன்று அப்பெயரைப் பிம்ப்ரி சிஞ்ச்வட் நகரின் ஒரு பகுதியாகவே அறிவர்.

சென்னை மாணாக்கரின் குறிப்புகளுக்கு வாய்த்த பெரும் பேறு, பின்வந்தோர் அவற்றைச் சோதிக்க முடிந்ததே. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை மறுமுறை ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றனர். இருவேல்பட்டு 2008-இலும் ஆராயப்பெற்றது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இருவேல்பட்டைப் பற்றி முதலில் எழுதிய இளைஞர், அவ்வூரின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்குக் கணக்கேடுகள் எளிதில் கிட்டியிருக்கும். ஆனால், அவ்வீட்டு வயலில் உழைத்துக் கூலி பெற்றவர் அவ்வீட்டுப் பிள்ளையிடம் மனம் திறந்து என்ன சொல்லியிருக்க முடியும்? கேட்பவன் யார் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். பிற்கால ஆய்வாளர்கள், நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், உழைப்பாளர் வேளாண்மைக்கு வெளியே பிழைப்புத் தேடிக்கொண்டதையும் பதிவு செய்தனர். முதற்குறிப்பு இல்லையேல் இம்மாறுதலை அளக்க ஓர் அடிக்கோடு இருந்திராது. முதற்குறிப்போடு நின்றிருந்தால் ஒரு பக்கத்துக் குரலே எஞ்சியிருக்கும்.

குறிப்பைப் பேணுவதும் கல்வியின் பகுதியே. மைசூரில் பிறந்த சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ், ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் 1948-இல் தங்கி ஆராய்ந்தார். பதினெட்டு ஆண்டுகளாகச் செப்பம் செய்த குறிப்புகளின் மூன்று படிகளும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவருடைய அறையிலேயே இருந்தன. 1970-இல் அங்கே மூட்டப்பட்ட தீயில் மூன்றும் எரிந்தன. அவர் மனம் தளரவில்லை. நினைவைக் கொண்டே எழுதி 1976-இல் நூலை வெளியிட்டார். மீண்டும் மீண்டும் எழுதிப் பழகியவை நெஞ்சில் பதிந்திருந்தமையாலேயே இது கைகூடியது எனலாம். எனினும், ஒரு படியையேனும் வேறிடத்தில் வைப்பது விவேகம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளும் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறார்கள். அவர்கள் அறிந்த ஊர், கோயிலும் பாட்டி வீடுமாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ ஒரு குறிப்பேட்டோடு செல்லட்டும். இவ்வயலை இன்று உழுபவர் யார், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உழுதவர் யார், ஏரி நீர் யார் முறைப்படி பாய்கிறது என்று கேட்கட்டும். சொன்னவர் பெயரையும் நாளையும் எழுதி வைக்கட்டும். நம் வீட்டுத் திண்ணையில் கேட்ட அதே கேள்வியைச் சேரியிலும் சென்று கேட்கட்டும்.

ஊருக்குச் செல்ல இயலாதவர்க்கும் களம் உண்டு. மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ நம்மவர் முதலில் குடியேறியது எப்போது, எவ்வேலைக்காக, அவர்களுடன் வந்து உடலுழைப்பால் வாழ்ந்தோர் எங்கே குடியிருந்தனர் என்பவை இன்றும் கேட்கத்தக்க வினாக்கள். விடை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது, பயில்வோர் இன்று செய்யத்தக்க முதற்பணியாகும்.