கரி பஸ்ஸும் அதன் இரும்புச் சட்டமும்

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்ட செய்தியைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, "பேட்டரியை எங்கே வைத்து, எப்படிப் பிடித்திருப்பார்கள்?" என்பதுதான். இந்தக் கேள்வி என் தாய்மாமா கொடுத்துவிட்டுப் போனது. யுத்த காலத்தில் அவர் ராயப்பேட்டையில் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக்.

1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. மரக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்களை ஓட்டினார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற பெயரில் இதற்கான சாதனத்தையே தயாரித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இதையே 'காஸோஜேன்' என்று கேள்விப்பட்டேன். ஜார்ஜ் இம்பேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1920களில் வண்டிக்கேற்ற கலனை உருவாக்கியிருந்தார். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் அதுதான் பல வண்டிகளை ஓட்டியது.

கலனுக்குள் காற்றைக் குறைவாக விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோலின் வேகம் இதில் கிடைக்காது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

"வாயு உண்டாக்குவது பெரிய காரியமில்லைடா, கலனை வண்டியில் நிறுத்துவதுதான் பெரிய காரியம்" என்பார் மாமா. பெட்ரோலுக்காகக் கட்டிய வண்டியில் கலனுக்கு ஏது இடம்? பின்பக்கம் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, சேஸிஸோடு போல்ட் போட்டு முறுக்குவார்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் பாரம் தொங்கினால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. சட்டம் விறைப்பாக இருந்தால் குலுக்கலில் விரிசல் விடும். நெருப்புக்கலன் மரத்தால் ஆன பாடியை ஒட்டியும் இருக்கக்கூடாது. கலன் ஒரு விதமாக ஆடும், எஞ்சின் வேறு விதமாக ஆடும். இரண்டுக்கும் நடுவே உள்ள குழாய் வளைந்துகொடுக்காவிட்டால் மூட்டு விட்டுப்போகும்.

மூட்டு விட்டால் கசிவது வாசனையே இல்லாத விஷம். விடியற்காலையில் கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்து கலனை மூட்டுவது கிளீனர் பையன் வேலை. தலைவலி, வாந்தி எல்லாம் அவனுக்குத்தான். மழைக்குப் பயந்து, மூடிய கொட்டகையில் சூடு ஆறாத கலன் பக்கத்திலேயே படுத்த ஒரு பையனை மறுநாள் காலை வெளியே தூக்கி வந்து போட்டார்களாம். பிழைத்துக்கொண்டான். அன்று முழுக்க மாமா அந்த வண்டியின் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். ஒரே ஒரு போல்ட் தளர்ந்திருந்தது.

பேட்டரியில் கரியும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் பாரம் உண்டு, குலுக்கல் உண்டு, சூடு உண்டு. நம் ஊர் மழையில் தண்ணீர் புகாமலும் பார்க்க வேண்டும். இன்று இதையெல்லாம் கணக்குப் போட்டு தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். அன்று வண்டிக்கு வண்டி அளவெடுத்து, சம்மட்டியும் துளைபோடும் கருவியும் வைத்துக்கொண்டு பட்டறைக்காரர்கள் செய்தார்கள்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அந்தச் சட்டங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மாமா ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து வைத்திருந்தார். எந்த வண்டியினுடையது என்று நான் கேட்கவில்லை.